காயம்பட்ட தொட்டி மீன்: அறிகுறியைப் பார்த்து வீட்டில் செய்யும் வைத்தியம்

மீனுக்குக் காயம் என்றதும் பலரும் முதலில் தேடுவது மருந்துப் போத்தலைத்தான். கடைக்காரரும் யோசிக்காமல் நீலத் திரவம் ஒன்றை எடுத்து நீட்டுவார். "அண்ணா, இதில பத்துத் துளி விடுங்கோ, சரியாகிடும்." சில நேரம் சரியாகியும் விடும். அது மருந்தால் வந்த சுகமா, மருந்து போடுவதற்காக அன்றைக்கு மாற்றிய தண்ணீரால் வந்த சுகமா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் பெரும்பாலும் தண்ணீர்தான்.

காரணம் இதுதான். நன்னீர் மீனின் இரத்தத்தில் லீட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. சுற்றியுள்ள தண்ணீரில் அது அனேகமாக இல்லை. அதனால் வெளித் தண்ணீர் எந்நேரமும் உடலுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும். இந்த ஊறலைக் கட்டுப்படுத்துவது செதிலும், அதன் மேலுள்ள வழுவழுப்பான படலமும். காயம்பட்ட இடத்தில் இரண்டுமே இல்லை. தண்ணீர் உள்ளே வருகிறது, உப்பு வெளியே போகிறது, கிருமிக்கும் வழி திறந்து கிடக்கிறது. ஆகவே மீனுக்கு வேண்டியவை சுத்தமான தண்ணீர், கொஞ்சம் உப்பு, தொந்தரவில்லாத இடம். மருந்து அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, நாம் கொழும்பில் இருக்கிறோம். குளிர் நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் "ஹீட்டரைப் போட்டுச் சூட்டைக் கூட்டுங்கள்" என்று இருக்கும். நம் தொட்டித் தண்ணீர் சும்மாவே 27 முதல் 30 பாகையில் நிற்கிறது. இந்தச் சூட்டில் காயம் வேகமாக ஆறும். கிருமியும் அதே வேகத்தில் பெருகும். கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறைவு: 20 பாகையில் லீட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் 7.5தான். அங்கே மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தால் இங்கே காலையும் மாலையும் பார்க்க வேண்டும்.

அறிகுறி எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது

டெஸ்ட் கிட் இருந்தால், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சுகளான அமோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அல்லது கிட்டே இல்லாவிட்டால், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும். குளோரின் நீக்கி போடுங்கள், அல்லது எயார் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வாளியில் வையுங்கள். தண்ணீர் வெட்டு முடிந்து வரும் முதல் கலங்கல் நீரைப் பிடிக்கவே வேண்டாம். கடற்கரையோரக் கிணற்று நீர் சில வீடுகளில் உவர்ப்பாக இருக்கும். அதையும் காற்றோட்டம் கொடுத்து, ருசி பார்த்துப் பயன்படுத்துங்கள்.

வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "உப்புத்தானே வேண்டும்" என்று கடற்கரைக்குப் போய் ஒரு போத்தல் கடல்நீர் அள்ளி வருபவர்கள் உண்டு. நகரத்தின் கழிவுநீரைக் கடலுக்குள் விடும் குழாய்களில் ஒன்று வெள்ளவத்தையிலும் மற்றது முகத்துவாரத்திலும்தான் இருக்கிறது. காயம்பட்ட மீனுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்.

அடுத்து, மீனைப் பிரிப்பதா விடுவதா? மற்ற மீன்கள் கடிக்கின்றன, துரத்துகின்றன என்றால் உடனே பிரியுங்கள். மருந்து போட வேண்டி வந்தாலும் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சாதுவான தொட்டியில் செட்டை நுனி மட்டும் கிழிந்த மீனை வலை போட்டுத் துரத்திப் பிடிப்பது இன்னொரு காயம். அதை விட்டுவிடுங்கள்.

பிரிப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். சவர்க்காரம் படாத 15, 20 லீட்டர் பிளாஸ்டிக் வாளியோ மூடியுள்ள பெட்டியோ போதும். பாதிக்கு மேல் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றுங்கள். ஸ்பொஞ்ச் பில்டர் இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். புதிதாக வாங்கியதில் அமோனியாவைத் தின்னும் பக்டீரியா இன்னும் குடியேறியிருக்காது. பில்டர் இல்லாமல் எயார் கல் மட்டும் என்றால் தினமும் மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் பாதி, தண்ணீர் மாற்ற வேண்டும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்று போடுங்கள். வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். முதல் நாள் தீனி வேண்டாம்; அடுத்த நாளிலிருந்து இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

வாளியை வலைத்துணியால் மூடி வையுங்கள். மீன் பாயாமல் இருக்க மட்டுமல்ல. சுகமான கப்பி நுளம்புக் குடம்பியைத் தின்று தீர்க்கும். நோயாளி மீன் தின்னாது. டெங்குப் பரிசோதனைக்கு வரும் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் "உள்ளே மீன் இருக்கிறது" என்று சொல்லித் தப்ப முடியாது.

உப்பு

வேறு எதுவும் சேர்க்காத கல் உப்பு எடுங்கள். அம்பாந்தோட்டையா, புத்தளமா, ஆனையிறவா என்பது மீனுக்குப் பொருட்டல்ல. அயடீன் சேர்த்த உப்பிலும் ஆபத்தான அளவுக்கு அயடீன் இல்லை. தூள் உப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளைத்தான் தவிர்க்கப் பார்க்கிறோம்.

அளவு: தொடக்கத்தில் லீட்டருக்கு 1 கிராம். தேவை என்றால் இரண்டு நாளில் படிப்படியாக 3 கிராம் வரை. 10 லீட்டர் வாளி என்றால் 10 கிராமிலிருந்து 30 கிராம். சமையலறைத் தராசில் நிறுங்கள். கல் உப்பைக் கரண்டியால் அளந்தால் கல்லின் பருமனைப் பொறுத்து அளவு மாறும். வேறு பாத்திரத்தில் கரைத்த பிறகே ஊற்ற வேண்டும். தொட்டி எத்தனை லீட்டர் என்று தெரியாவிட்டால் நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 60, 30, 30 என்றால் 54 லீட்டர். கல்லும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்தால் 45 அளவில் நிற்கும்.

உப்பு ஆவியாகிப் போகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது திரும்பவும் உப்பு போட்டால் செறிவு ஏறிக்கொண்டே போகும். மாற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் போடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் போதும்; பிறகு தண்ணீர் மாற்றி மாற்றிக் குறையுங்கள். கோரிடோரஸ், லோச் போன்ற செதில் குறைந்த மீன்களுக்கு 1 கிராமைத் தாண்டாதீர்கள். உயிர்ச்செடி உள்ள தொட்டியில் உப்பே போடாதீர்கள். வாளியில் வைத்துப் பாருங்கள்.

மீன் தரையில் கிடக்கிறது

காய்ந்தது போலத் தெரிந்தாலும் செத்ததென்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பைட்டர், குராமி போன்றவை மேற்பரப்புக் காற்றையும் சுவாசிக்கும். உடம்பில் ஈரம் இருக்கும்வரை மற்ற மீன்களைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். ஈரக் கையில் எடுத்து மெதுவாக இரு பக்கமும் சரித்துப் பாருங்கள். உயிருள்ள மீனின் கண், உடல் சரிந்தாலும் மட்டமாக நிற்கப் பார்த்து உருளும். கண் உள்ளே குழிந்து வெளுத்து, உடல் விறைத்திருந்தால் முடிந்துவிட்டது.

தூசியும் தலைமயிரும் ஒட்டியிருந்தால் துணியால் துடைக்காதீர்கள், மிச்சமிருக்கும் வழுவழுப்பும் போய்விடும். தொட்டித் தண்ணீர் உள்ள கோப்பையில் அசைத்து விடுங்கள். அப்புறம் வயிறு கீழே இருக்கும்படி பிடித்து, பில்டர் நீர் வரும் பக்கம் வாயைக் காட்டுங்கள். முன்னும் பின்னும் இழுத்து ஆட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பின்னுக்கு இழுக்கும்போது தண்ணீர் பூவுக்குள், அதாவது செவுளுக்குள், தலைகீழாகப் போகிறது. அப்படிச் செய்ய வேண்டாம். பூமூடி அசையத் தொடங்கினால் விட்டுவிடலாம்.

தானாக நிமிர்ந்து நின்றபின் 1 கிராம் உப்பு உள்ள வாளிக்கு மாற்றுங்கள். காய்ந்த செட்டை ஓரங்கள் அடுத்த நாட்களில் உதிரும், பயப்படத் தேவையில்லை. உடம்பில் வெள்ளைத் திட்டு வந்து பெரிதானால் கீழே வெள்ளைப் படலம் பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். ஏன் பாய்ந்தது என்பதையும் யோசியுங்கள். மூடி இல்லாதது ஒரு காரணம். தண்ணீர் கெட்டிருப்பது இன்னொன்று.

செட்டை கிழிந்திருக்கிறது

கிழிசலா, அழுகலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கிழிசல் என்றால் விளிம்பு சுத்தமாக இருக்கும், செட்டை முள்ளின் வாக்கில் பிளந்திருக்கும், மறுநாளும் அதே அளவில் நிற்கும். அழுகல் என்றால் விளிம்பு வெள்ளையாகவோ கறுப்பாகவோ சிவப்புக் கோடு போட்டோ இருக்கும். நாளுக்கு நாள் உடம்பை நோக்கிச் சுருங்கும். போனில் ஒரே கோணத்தில் தினமும் ஒரு படம் எடுங்கள். கண் ஞாபகத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

கிழிசலுக்குச் சுத்தத் தண்ணீர் போதும். சில நாளில் விளிம்பில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் தெரியும். அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் அதிகம். அதுதான் புதிதாக வளரும் செட்டை. நிறம் பிறகு வரும்.

அழுகலுக்குத் தண்ணீர் மாற்றம் தினமும், உப்பு 2 முதல் 3 கிராம். நான்கைந்து நாளில் நிற்காமல் செட்டையின் அடிவேரை நெருங்கினால் மருந்துக்குப் போங்கள். அடிவேர் அழிந்தால் செட்டை திரும்ப முளைக்காது.

யார் கடித்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். டைகர் பார்ப்பை ஏஞ்சலோடோ பைட்டரோடோ போட்டு வைத்திருந்தால் விசாரணையே வேண்டாம். பார்ப் வளர்க்க ஆசையென்றால் இலங்கைக்கே உரிய செரி பார்ப் இருக்கிறது. அது பரம சாது. தனியாக இருக்கும் பைட்டரின் வால் ஒரே இரவில் அரைவட்டமாகக் குறைந்திருந்தால் அது தானே கடித்திருக்கலாம். அப்படியென்றால் இடத்தை மாற்றுங்கள், கண்ணாடியில் தன் உருவம் தெரியாமல் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், நீரோட்டத்தைக் குறையுங்கள். பிளாஸ்டிக் செடிகளையும் விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலுக்கே கூராகப் பட்டால் அதை எடுத்து எறியுங்கள்.

செதில் போய்விட்டது, உடம்பில் உரசல்

செதில் சில வாரங்களில் திரும்ப வளரும். அந்த இடம் வெளிறி இருந்தால் பரவாயில்லை. சிவந்தால், பஞ்சு கட்டினால், வீங்கினால் கவனிக்க வேண்டும். உப்பு 1 முதல் 2 கிராம். நாட்டுவாதுமை, அதாவது கொட்டாங்காய் மரத்தின் காய்ந்து விழுந்த இலையைக் கழுவி ஒன்று போடலாம். தண்ணீர் தேநீர் நிறமாகும், சற்று அமிலமாகும், மீனும் அமைதிப்படும். பெரிய வைத்தியம் என்று சொல்ல மாட்டேன், கெடுதல் இல்லை. பசுமையான இலை வேண்டாம், வாகனப் புகை படியும் காலி வீதி மரத்து இலையும் வேண்டாம்.

மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் செதில் போனதென்றால் அது காயக் கதையே அல்ல. ஒட்டுண்ணியைத் தேடுங்கள்.

பில்டர் உறிஞ்சும் வாயில் மீன் ஒட்டிக்கொண்டிருந்ததா? சுகமான மீன் அனேகமாக அதில் மாட்டாது. ஏற்கெனவே சோர்ந்திருந்த மீன் என்று எடுத்துக்கொண்டு மற்ற அறிகுறிகளையும் பாருங்கள். உறிஞ்சும் வாய்க்கு ஸ்பொஞ்ச் ஒன்று மாட்டுங்கள்.

காயத்தின் மேல் வெள்ளைப் படலம்

கொழும்பில் ஆளை ஏமாற்றுவது இதுதான். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணம் என்று கடையிலும் சொல்வார்கள், வீட்டிலும் நினைப்பார்கள்.

உண்மையான பூஞ்சணம் பஞ்சு போல உயர்ந்து நிற்கும். இழை இழையாகத் தண்ணீரில் ஆடும். செத்த தசையில்தான் பெரும்பாலும் பிடிக்கும். மெதுவாகப் பரவும். அது குளிர்ந்த நீரை விரும்பும் சாதி. நம் சூட்டில் அதைவிட அதிகம் சந்தேகிக்க வேண்டியது கொலம்னாரிஸ் என்ற பக்டீரியா நோயை. அது உயர்ந்து நிற்காது. தோலோடு ஒட்டி, சாம்பல் வெள்ளையாகவோ இலேசான மஞ்சளாகவோ படரும். வாயைச் சுற்றி வரும், அல்லது முதுகுச் செட்டையின் இரு பக்கமும் இறங்கிச் சேணம் போட்டது போல நிற்கும். 28, 30 பாகையில் ஒன்றிரண்டு நாளில் மீனை முடித்துவிடும்.

பூஞ்சணத்துக்கு வாளியில் மெதிலீன் புளூ. போத்தலில் 1 சதவீதக் கரைசல் என்று இருந்தால் 10 லீட்டருக்கு 1 முதல் 3 மில்லிலீட்டர். சதவீதம் எழுதாத போத்தலை வாங்காதீர்கள்; "பத்துத் துளி" என்ற அளவுக்கு அர்த்தமே இல்லை. பெரிய தொட்டியில் ஊற்றினால் பில்டரிலுள்ள நல்ல பக்டீரியாவும் சாகும், சிலிக்கன் விளிம்பெல்லாம் நீலமாகி அப்படியே நின்றுவிடும். வாளியில் மருந்து போடும்போது ஸ்பொஞ்ச் பில்டரை எடுத்துவிட்டு எயார் கல்லை வையுங்கள், தினமும் தண்ணீர் மாற்றுங்கள்.

கொலம்னாரிஸ் என்று பட்டால் சூட்டைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். ஏசி அறை இருந்தால் வாளியை அங்கே மாற்றலாம், ஆனால் மெதுவாக; ஒரு மணி நேரத்தில் ஐந்து பாகை இறக்கினால் அதுவே கொல்லும். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். உப்பு 3 கிராம் வரை. உப்பு அந்தப் பக்டீரியா தோலில் ஒட்டுவதைக் குறைக்கும். அதோடு நிற்காமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் பேசுங்கள். வலையையும் சிபன் குழாயையும் மற்றத் தொட்டிகளுக்குக் கொண்டு போகாதீர்கள்.

சிவந்த புண், குழி

பெரும்பாலும் கோல்ட் பிஷ்ஷிலும் கொய்யிலும் வரும். ஒரு செதில் தூக்கி நிற்கும், சுற்றிச் சிவக்கும், பிறகு செதில் விழுந்து குழியாகும். ஏரோமோனாஸ் போன்ற பக்டீரியாக்கள் காரணம். அவை எல்லாத் தொட்டியிலும் இருப்பவைதான்; தண்ணீர் கெட்டதாலோ ஒட்டுண்ணி குத்தியதாலோ வழி கிடைத்திருக்கும்.

புண்ணின் நடுவில் நூல் போல ஒன்று தொங்கினால், அதன் முனையில் இரண்டு சிறு பைகள் தெரிந்தால், அது நங்கூரப் புழு. பைகளில் இருப்பது முட்டை. மீனை ஈரத் துவாயில் வைத்து, துவாயாலேயே அதன் கண்ணை மூடி, இடுக்கியால் புழுவைத் தோலை ஒட்டிப் பிடித்து, சீராக இழுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் அறுந்து தலை உள்ளேயே நிற்கும். மற்ற மீன்களையும் பாருங்கள். ஒன்றில் இருந்தால் தொட்டி முழுக்க இருக்கும், குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. அதற்கான மருந்தைத் தொட்டிக்கே போட வேண்டி வரும்.

உள்ளங்கை நீள மீன் என்றால் புண்ணை நேரடியாகத் துடைக்கலாம். பாமசியில் கிடைக்கும் 10 சதவீதப் பொவிடோன் அயடீனை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சுத்தத் தண்ணீர் சேர்த்து இளக்குங்கள். பஞ்சுக் குச்சியால் புண்ணில் மட்டும் ஒற்றுங்கள். சில விநாடி கழித்துத் தொட்டித் தண்ணீரால் கழுவி விடுங்கள். பூவிலும் கண்ணிலும் படவே கூடாது. தலையை மேலே தூக்கிப் பிடித்தால் மருந்து வால் பக்கம் வழியும். மீன் தண்ணீருக்கு வெளியே அரை நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சின்ன மீன்களுக்கு இந்த வேலையே வேண்டாம். பிடிக்கும் பிடியில் நன்மையைவிடக் கெடுதல் கூட.

பழைய ஆட்கள் கொண்டிஸ், அதாவது பொட்டாசியம் பெர்மாங்கனேட், போடுவார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தேவையான அளவு லீட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. வீட்டுத் தராசில் அதை நிறுக்க முடியாது. கொஞ்சம் கூடினால் பூ வெந்துவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சள்தூளும் அப்படியே. தூள் பூவில் அடைக்கும்; கடை மஞ்சளில் மாவு கலப்பது நமக்குத் தெரியாத கதையா? வேப்பிலைச் சாறு மீனுக்கே நஞ்சாகலாம்.

கண் பிதுங்கி நிற்கிறது, வெளுத்திருக்கிறது

ஒரு கண் மட்டும் என்றால் இடிபட்டிருக்கும். தண்ணீரைச் சுத்தமாக வைத்து, வாளியில் 10 லீட்டருக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி எப்சம் உப்புப் போடுங்கள். வீக்க நீர் வற்ற உதவும். இது சமையல் உப்புக்குப் பதிலல்ல, வேறு பொருள். இரண்டு கண்ணும் பிதுங்கினால் காயமில்லை, உள்ளே தொற்று அல்லது தண்ணீர்ப் பிரச்சினை.

கண்ணே போய்விட்டால்? ஒற்றைக் கண் மீன் நன்றாகவே வாழும். தீனியைப் பார்வையுள்ள பக்கமாகப் போடப் பழகுங்கள், கடிக்கும் சகபாடிகளிடம் விடாதீர்கள்.

வாயை மூட முடியவில்லை

கோல்ட் பிஷ் என்றால் வாயில் கல் சிக்கியிருக்கும். வேறு காரணம் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள். பல நேரம் தானே துப்பிவிடும். சில மணி நேரம் கொடுங்கள். துப்பாவிட்டால் ஈரக் கையில் தலை கீழாகச் சரித்துப் பிடித்து, தாடைக்கு அடியில் மிக மெதுவாக வாயை நோக்கி அழுத்துங்கள். இடுக்கியை உள்ளே விடுவது கடைசி வழி. அடியில் உள்ள கல்லை, வாயை விடப் பெரியதாகவோ மணலாகவோ மாற்றுங்கள்.

மேலே வந்து வாயைப் பிளக்கிறது, துடிக்கிறது

காயமும் இருக்கிறது, மூச்சும் வாங்குகிறது என்றால் காயத்தை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். முதலில் எயார் பம்ப் ஓடுகிறதா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த அனுபவம் நமக்கு உண்டு. பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள்.

அடுத்தது நுளம்பு மருந்து. சுருளிலும், சுவிட்சில் செருகும் திரவத்திலும், டெங்குப் புகையிலும் இருப்பது பைரத்ரொயிட் வகை. மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவே மீனுக்குக் கடும் நஞ்சு. மீன் திடீரென வெட்டி வெட்டி ஓடும், சுழலும், கண்ணாடியில் மோதிக் காயப்படும். காலையில் பார்க்கும் நமக்குக் காயம் மட்டும் தெரியும். எயார் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறக்கக் கூடாது. தொட்டி உள்ள அறையில் சுருள் கொளுத்தாதீர்கள். தெருவில் புகை அடிக்க வரும்போது தொட்டியை நனைத்த தடித்த துணியால் மூடி, ஜன்னலைச் சாத்தி, எயார் பம்பை நிறுத்துங்கள். புகை போனதும் ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசனை அடங்கிய பிறகு பம்பைப் போடுங்கள். நுளம்புக் கிறீம் பூசிய கையைத் தொட்டிக்குள் விட்டாலும் இதே கதைதான்.

ஏற்கெனவே பட்டுவிட்டதென்றால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், கரித்தூள் பில்டர் இருந்தால் போடுங்கள், வேறு மருந்து எதுவும் சேர்க்காதீர்கள்.

கவிழ்ந்து மிதக்கிறது, முள்ளந்தண்டு வளைந்திருக்கிறது

அடிபட்ட பின் கவிழ்ந்தால் காற்றுப்பையோ முதுகெலும்போ பாதித்திருக்கலாம். தண்ணீரின் உயரத்தைக் குறைத்து, மீன் முங்கும் அளவு மட்டும் விட்டு, இருட்டாக வைத்துப் பாருங்கள். மேலே வெளியே நிற்கும் தோல் காயாமல் பார்ப்பது முக்கியம். சில மீன்கள் ஒரு வாரத்தில் நிமிரும். வயிறு ஊதி, செதிலெல்லாம் சிலிர்த்து வெளியே நின்றால் அது காயம் தாண்டிய நிலை, சிறுநீரகம் தோற்றுவிட்டது. தேறுவது அரிது.

அன்ரிபயோட்டிக் பற்றி

வீட்டு அலுமாரியில் மிச்சமிருக்கும் கப்சூலை உடைத்துத் தொட்டியில் போடாதீர்கள். அளவு தெரியாது, எந்தக் கிருமி என்று தெரியாது, பில்டர் சாகும், அந்தத் தண்ணீரைக் கானில் ஊற்றும்போது மருந்துக்கு அசையாத கிருமியையும் சேர்த்து ஊற்றுகிறோம். கொழும்பில் மிருக வைத்திய நிலையங்கள் பெரும்பாலும் நாய் பூனைக்கானவை, போவதற்கு முன் போனில் "மீன் பார்ப்பீர்களா டொக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். படமும், தொட்டியின் அளவும், தண்ணீர் பரிசோதனை முடிவும் கையில் இருந்தால் அவருக்கு வேலை சுலபம். நிறைய மீன் வளர்ப்பவர்கள், கொய் குளம் வைத்திருப்பவர்கள், அடுத்தடுத்து மீன் செத்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தைக் கேட்கலாம்; நீர்வாழ் உயிரின நோய்களுக்கென்றே அங்கே ஒரு நிலையம் இருக்கிறது.

தேறாது என்று தெரிந்தால்

நாட்கணக்கில் தின்னாமல், கவிழ்ந்து, மூச்சு வாங்கிக் கிடக்கும் மீனை இழுத்தடிப்பதில் இரக்கம் இல்லை. பாமசியில் கராம்பு எண்ணெய் வாங்குங்கள். ஒரு சிறு போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்து வெள்ளையாகும்வரை குலுக்கி, மீன் உள்ள ஒரு லீட்டர் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். முதலில் மயங்கும். மொத்தம் பத்துத் துளி அளவு போய்ச் சேர வேண்டும். பூமூடி அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்; சீக்கிரம் எடுத்தால் மயக்கம் தெளிந்துவிடலாம். ஐஸ் பெட்டியில் வைப்பதும் கழிப்பறையில் ஊற்றுவதும் கொடுமை.

உயிரோடு கானிலோ பேர வாவியிலோ விடுவதும் வேண்டாம். "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று விட்டவைதான் டாங்க் கிளீனரும் நைப் பிஷ்ஷும். இன்று அவை நம் நீர்நிலைகளில் உள்ளூர் மீன்களை நெருக்கும் ஆக்கிரமிப்பு இனங்கள்.

திரும்பத் தொட்டியில் விடும்போது

காயம் மூடி, சிவப்பு போய், நன்றாகத் தின்னத் தொடங்கி ஒரு வாரமாவது ஆகட்டும். வாளியில் உப்பு இருந்தால் அதைப் படிப்படியாகக் குறைத்துச் சாதாரணத் தண்ணீருக்குக் கொண்டு வந்தபின்தான் மாற்ற வேண்டும். இல்லாத நாட்களில் மற்ற மீன்கள் இடத்தைப் பங்கு போட்டிருக்கும். திரும்பி வருவது அவற்றுக்குப் புதிய ஆள். கல்லையும் செடியையும் இடம் மாற்றி வையுங்கள், மற்ற மீன்களுக்குத் தீனி போட்டு முடியுங்கள், லைட்டை அணைத்துவிட்டு மாலையில் விடுங்கள். கடித்த மீன் எதுவென்று தெரிந்திருந்தால் அதை இரண்டு நாள் வாளியில் போட்டு, காயம்பட்டதை முதலில் விடுவது இன்னும் நல்லது. திரும்ப வரும்போது அந்தச் சண்டியனின் பழைய எல்லை அதற்கு இருக்காது.

வேலை முடிந்ததும் வாளியை உப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவைத்து, கவிழ்த்து வையுங்கள். பல்கணியில் நிமிர்ந்து கிடந்தால் அடுத்த மழைக்கு அதிலும் குடம்பி வந்துவிடும்.